காற்றுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்



விடியற்காலை நேரத்தில் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. இரவெல்லாம் ஒரு துளி மழை பெய்திருக்காது. ஆனாலும் இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். புல் நனைந்திருக்கும். பாலிங் மலையின் சுண்ணாம்புப் பாறைகள் பனிமூட்டத்தில் மறைந்திருக்கும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வேறு எங்கிருந்தும் வரவில்லை. பகலில் நாம் சுவாசித்த அதே காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான், இரவின் குளிர்ச்சியில் துளியாகி வெளியே வந்தது.

இன்றைய சொற்பொழிவு இந்தப் பனித்துளியைப் பற்றியதுதான். ஆனால் மரத்தில் விழும் பனித்துளியைப் பற்றியதன்று. மோட்டார் பட்டறையில் இருக்கும் காற்று கம்பிரசரின் தாங்கிக்குள் விழும் பனித்துளியைப் பற்றியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று மரம் வெட்டப் போவதில்லை. சிலர் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். சிலர் கைத்தொழில் கற்று, சாலையோரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறையோ டயர் கடையோ சாயம் அடிக்கும் கடையோ வைக்கிறார்கள். அந்தக் கடைகள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கம்பிரசர் நிற்கும். ஆகவே இது பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நமக்கும் இந்தக் காற்றுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர், காற்று அடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அவர் தொடங்கிய வேலை அது. பின்னர் மோட்டார் கார் பெருகியது. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் கெடாவிலும் பேராவிலும் சிலாங்கூரிலும் காடுகளை ரப்பர்த் தோட்டங்களாக மாற்றியது. நம் முன்னோர்களைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பாட்டன் வெட்டிய பால் டயர் ஆயிற்று. அந்த டயருக்குக் காற்று அடைக்கும் தொழிலைப் பேரன் செய்கிறான்.

பாலிங் வட்டாரத்தில் நான் கண்ட ஒரு பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன். பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவன் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பழைய கம்பிரசர் ஒன்றையும் சாயம் அடிக்கும் துப்பாக்கியையும் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். பையன் நல்ல உழைப்பாளி. ஆனால் அவன் சாயம் அடித்த மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன. எண்ணெய்த் தொட்டியின் மேல் அம்மைக் கொப்புளம் போலச் சிறுசிறு கொப்புளங்கள். வாடிக்கையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பையன் சாயத்தைக் குறை சொன்னான். கடைக்காரர் மாற்றுச் சாயம் கொடுத்தார். அதிலும் கொப்புளம்தான்.

நான் போயிருந்த அன்று, சாயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கம்பிரசருக்குப் பக்கத்தில் குனிந்து, தாங்கியின் அடியில் இருந்த வடிகால் வால்வைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீறிட்டு வந்தது. நிற்கவே இல்லை. ஒரு வாளியில் பாதிக்கு மேல் பிடித்தோம்.

“அண்ணே, இதுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு? நான் ஊத்தவே இல்லையே!” என்றான் பையன்.

“நீ ஊத்தலப்பா. காத்துதான் கொண்டாந்துச்சு” என்றேன்.

அவன் நம்பவில்லை. நேயர்களுக்கும் நம்புவதற்குச் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆகவே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக இருக்கும் ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு கன மீட்டர் என்கிறோம். நம் ஊர்க் காற்று, வெப்பம் 30 பாகையும் ஈரம் 80 விழுக்காடுமாக இருக்கும் ஒரு சாதாரண நாளில், அந்தப் பெட்டி நிறைய இருக்கும் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி கலந்திருக்கும். அது முழுதும் ஈரத்தால் நிறைந்தால்கூட 30 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதற்கு மேல் உள்ளது துளியாக விழுந்துவிடும்.

இப்போது கம்பிரசர் என்ன செய்கிறது? 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும்போது, ஏறக்குறைய எட்டுப் பெட்டிக் காற்றை ஒரே பெட்டிக்குள் திணித்து விடுகிறது. எட்டுப் பெட்டியில் இருந்த நீராவியும் கூடவே வருகிறது. எட்டு முறை 24 கிராம் என்றால் 190 கிராமுக்கு மேல். ஆனால் அந்த ஒரு பெட்டி இடம், 30 பாகை வெப்பத்தில், வெறும் 30 கிராமைத்தான் தாங்கும். மீதி 160 கிராம் எங்கே போகும்? தண்ணீராகக் கீழே விழ வேண்டியதுதான்.

நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் ஒரு சிறு கம்பிரசர், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடினால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேரும். ஒரு பெரிய பாட்டில் நிறைய! இது ஒரு நாள் கணக்கு. அந்தப் பையனோ ஒரு மாதமாக வால்வைத் திறக்கவே இல்லை. தண்ணீரில் ஒரு பகுதி தாங்கியில் தங்கியது. மீதி, காற்றோடு குழாய் வழியே ஓடிச் சாயத்தில் கலந்தது. கொப்புளத்துக்குக் காரணம் புரிகிறதல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். தண்ணீர் ஏன் முன்னாலேயே விழாமல் தாங்கிக்குள் போய் விழுகிறது? காரணம், சூடு. சைக்கிளுக்குப் பம்பு அடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கை சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பது இயற்கை விதி. கம்பிரசரின் தலைப்பகுதியை விட்டு வெளியேறும் காற்று 150 பாகைக்கு மேலும் போகக்கூடும். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். நாம் கணக்கிட்ட அந்த 190 கிராம் ஈரமும், காற்றின் வெப்பம் 70 பாகைக்கு மேல் இருக்கும்வரை ஒரு துளிகூட விழாமல் ஆவியாகவே பயணம் செய்யும். தாங்கிக்குள் வந்து, இரும்புச் சுவரில் பட்டு ஆறிய பிறகுதான் துளியாகும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் நீர் கோத்திருக்கிறதே, அதே கதைதான்.

ஆகவே அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். காற்று எப்படியும் ஆறத்தான் போகிறது. தாங்கிக்குள் போய் ஆறுவதற்குப் பதிலாக, தாங்கிக்குப் போகும் வழியிலேயே அதை ஆற்றிவிட்டால் என்ன? அங்கேயே தண்ணீரைப் பிரித்து வெளியேற்றிவிட்டால் என்ன? இந்த வேலையைச் செய்யும் கருவிக்குத்தான் ஆஃப்டர்கூலர் என்று பெயர். அமுக்கிய பிறகு குளிரச் செய்யும் கருவி என்பது பொருள்.

பார்ப்பதற்கு அது காரின் ரேடியேட்டரைப் போன்றது. வளைந்து வளைந்து செல்லும் குழாய். அதைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள். உள்ளே சூடான காற்று போகும். வெளியே விசிறிக் காற்று அடிக்கும். நல்ல ஆஃப்டர்கூலர், பட்டறையின் வெப்பத்தைவிட ஏறக்குறைய 10 பாகை மட்டுமே கூடுதலாக இருக்கும் அளவுக்குக் காற்றை ஆற்றிவிடும். அதாவது 40 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த வெப்பத்தில் காற்று சுமார் 51 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். 190 கிராமில் ஏறக்குறைய முக்கால் பங்கு அங்கேயே தண்ணீராகிவிடும்.

இனி, அதைப் பொருத்தும் முறையைப் பார்ப்போம். இது அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை, மின்சாரத்தை நிறுத்திச் செருகியைப் பிடுங்குவது. அடுத்து, தாங்கியில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்தமானி பூச்சியத்தைக் காட்டும்வரை காத்திருப்பது. இயந்திரம் நன்றாக ஆறட்டும். அதன் பிறகுதான் சாவியைக் கையில் எடுக்க வேண்டும்.

கம்பிரசரின் தலையிலிருந்து தாங்கிக்குப் போகும் செம்புக் குழாயைப் பாருங்கள். அது தாங்கியில் சேரும் இடத்தில் ஓர் ஒருவழி வால்வு இருக்கும். தாங்கிக்குள் போன காற்று திரும்பி வராமல் காப்பது அதுதான். ஆஃப்டர்கூலர், தலைக்கும் இந்த ஒருவழி வால்வுக்கும் இடையில் வர வேண்டும். வால்வு தன் இடத்திலேயே இருக்கட்டும்.

கூலரை எங்கே மாட்டுவது? கம்பிரசரின் பெரிய சக்கரத்தின் ஆரங்கள் விசிறி போலக் காற்று வீசும்படி அமைந்திருக்கும். பெல்ட்டை மூடியிருக்கும் கம்பிவலைக் காப்பின் மேல் கூலரை மாட்டினால், அந்தக் காற்று கூலர் வழியாகப் போகும். தனி விசிறி தேவைப்படாது. ஆனால் கூலருக்கு இடம் வேண்டும் என்று பெல்ட்டின் காப்பைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். விரலும் கைலியின் நுனியும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கம்பிரசர் ஓயாமல் அதிரும் இயந்திரம். வெறும் செம்புக் குழாயை இறுக்கமாக மாட்டினால், அதிர்வில் நாளடைவில் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும். ஆகவே தலையிலிருந்து கூலர் வரையில், சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் பின்னல் உறை போட்ட உலோக வளைகுழாயைப் பயன்படுத்துவது நல்லது. அந்த இடத்தில் சாதாரண ரப்பர்க் குழாய் உருகிவிடும். குழாயின் உள்துவாரம் பழைய குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. சிறியதானால் காற்று திணறும். தலை மேலும் சூடாகும்.

சூடான காற்று கூலரின் மேற்பக்கத்தில் நுழைந்து கீழ்ப்பக்கத்தில் வெளிவர வேண்டும். தண்ணீர் தானாகவே கீழே இறங்கும்படி எல்லாக் குழாய்களும் சரிவாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் தாழ்வான இடத்தில் நீர்பிரிப்பானைப் பொருத்த வேண்டும். அதற்குள் காற்று சுழன்று போகும். கனமான நீர்த்துளிகள் சுவரில் மோதி அடியில் சேரும். காற்று மேலே ஏறித் தாங்கிக்குப் போகும். நீர்பிரிப்பான் இல்லாத ஆஃப்டர்கூலர் பாதிப் பயனைத்தான் தரும். ஏனென்றால் துளியான தண்ணீரைக் காற்று அப்படியே தள்ளிக்கொண்டு தாங்கிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

இனி மூன்று எச்சரிக்கைகள். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கம்பிரசரின் தலைக்கும் தாங்கிக்கும் இடையில் திறந்து மூடும் வால்வு எதையும் வைக்கக் கூடாது. யாராவது மறந்து மூடிவிட்டால், காற்று போக வழியில்லாமல் தலையோ கூலரோ வெடித்துவிடும். தாங்கியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு அப்போது உதவாது. ஏனென்றால் அழுத்தம் தாங்கியை எட்டவே இல்லை.

இரண்டு: பழைய இரும்புக் கடையில் லாரியின் இன்டர்கூலர் மலிவாகக் கிடைக்கும். பெரியதாக, அழகாக இருக்கும். அதை வாங்கி மாட்டாதீர்கள். லாரியில் அது இரண்டு மூன்று மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கினால் போதும் என்று செய்யப்பட்டது. கம்பிரசரின் அழுத்தத்தில் அது பிளந்துவிடும். காரின் குளிர்சாதனக் கண்டென்சரைச் சிலர் மாட்டுகிறார்கள். அது கூடுதலான அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதுதான். ஆனாலும் கழற்றிப்போட்ட பழைய கண்டென்சரின் குழாய் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் கம்பிரசரின் மிகக் கூடிய அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் கூலரை வாங்குவதே நல்லது.

மூன்று: தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிளாஸ்டிக் பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் பயன்படுத்தவே கூடாது. தண்ணீர் நிறைந்த குழாய் உடைந்தால் ஒழுகும். காற்று நிறைந்த குழாய் உடைந்தால், கத்தி போன்ற சில்லுகளாகச் சிதறும்.

பொருத்தி முடித்ததும் முழு அழுத்தத்துக்கு உடனே ஓட்டக் கூடாது. சிறிது ஏற்றி நிறுத்தி, இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. காற்றை இறக்கிவிட்டுத்தான் அதை இறுக்க வேண்டும். மோட்டார் நிற்கும்போது “புஸ்” என்று ஒரு சத்தம் கேட்குமே, அது குழாயில் தேங்கிய காற்றை அன்லோடர் வால்வு வெளியேற்றும் சத்தம். கூலர் மாட்டிய பிறகு குழாயின் கொள்ளளவு கூடுவதால் அந்தச் சத்தம் சற்று நீளும். அது கோளாறன்று. ஆனால் சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் ஒருவழி வால்வு கெட்டிருக்கிறது என்று பொருள்.

ஆஃப்டர்கூலர் எல்லா நோய்க்கும் மருந்தன்று. அதைவிட்டு வெளிவரும் காற்று ஆறிய காற்றுதான்; உலர்ந்த காற்று அன்று. மேலும் ஆறினால் மேலும் கொஞ்சம் நீர் விழும். ஆகவே சாயம் அடிப்பவர்கள் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டியும் வைத்துக்கொள்ள வேண்டும். தாங்கியின் வடிகாலையும் நாள்தோறும் திறக்க வேண்டும். டயருக்குக் காற்று அடிப்பது மட்டுமே தொழில் என்றால், ஆஃப்டர்கூலருக்குச் செலவு செய்வதற்கு முன்னால், வடிகாலைத் தவறாமல் திறந்து பாருங்கள். கம்பிரசரை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு காசு செலவில்லை.

இப்போது அந்தப் பையனின் பட்டறைக்குத் திரும்புவோம். கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. தண்ணீரைப் பார்த்ததும் அவன், “அண்ணே, இன்னைக்கே கூலர் வாங்கி மாட்டிடுறேன்” என்றான். நான், “பொறு தம்பி, முதல்ல தாங்கியைப் பாப்போம்” என்றேன். காற்றை இறக்கிவிட்டு, அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தோம். சாயம் உப்பியிருந்த ஓர் இடத்தில் ஊசிமுனை அளவில் ஈரம் கசிந்திருந்தது. உள்ளே தேங்கிய தண்ணீர் இரும்பைத் தின்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டது! அந்த இடத்துக்கு மூன்றடி தூரத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. பையனின் தகப்பனார் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும் இடம் அது.

100 லிட்டர் தாங்கி ஒன்று 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிற்கும்போது அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? கணக்குப் போட்டால், ஒரு டன் எடையுள்ள காரை ஏறக்குறைய ஒன்பது மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. இரும்பு மெலிந்து கிழிந்தால், அத்தனையும் ஒரே கணத்தில் வெளிவரும்.

பையன், “ஒரு தகடு வச்சு ஒட்டிடலாமா?” என்று கேட்டான். கூடவே கூடாது. துரு ஓரிடத்தில் துளைத்திருந்தால் சுற்றிலும் மெலிந்திருக்கும். ஒட்டுப்போட்ட தாங்கி, எப்போது வெடிக்கும் என்று தெரியாத வெடி. அந்தத் தாங்கியை அன்றைக்கே கழற்றி, வேறு யாரும் பயன்படுத்தாதபடி அறுத்துப்போடச் சொன்னேன். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாய்வு நாற்காலியை எடுத்து மடக்கி வெளியே வைத்தார்.

பழைய கம்பிரசர் வாங்குவோர் இதை நினைவில் வையுங்கள். வெளியே பளபளவென்று புதுச் சாயம் பூசியிருப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததாகக்கூட இருக்கலாம். துரு தின்பது உள்ளேயிருந்து. அழுத்தக் கலன்களைப் பற்றி நம் நாட்டில் சட்டம் உண்டு. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் முதல் நாள் நீக்கப்பட்டு, இப்போது 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் இவை வருகின்றன. உங்கள் தாங்கிக்குத் தகுதிச் சான்றிதழ் தேவையா, யார் சோதிப்பார் என்பதை ஜே.கே.கே.பி. எனப்படும் அந்தத் துறையின் அலுவலகத்தில் கேட்டறியலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதிகாரிகள் அபராதம் போடுவதற்காக மட்டுமே இருக்கிறார்கள் என்று எண்ணுவது தவறு.

இன்னொன்று. வடிகாலிலிருந்து வரும் நீரில் எண்ணெய் கலந்திருக்கும். பால் கலந்த காப்பி போல் தெரியும். அதைக் கால்வாயில் ஊற்றினால் ஆற்றில்தான் சேரும். ஒரு டப்பாவில் பிடித்து, கழிவு எண்ணெயோடு சேர்த்து ஒப்படையுங்கள். அதேபோல், வேலை முடிந்ததும் உடம்பிலுள்ள தூசியைக் கம்பிரசர்க் காற்றால் ஊதிக்கொள்ளும் பழக்கம் பல இளைஞர்களுக்கு உண்டு. அந்தக் காற்று கண்ணையும் காதையும் கெடுக்கும். காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

பையன் சில மாதங்கள் கழித்துப் புதிய தாங்கி வாங்கினான். ஆஃப்டர்கூலரும் நீர்பிரிப்பானும் பொருத்தினான். பிறகு ஒருநாள் மாலை நான் அந்த வழியாகப் போனேன். கடையடைக்கும் நேரம். தகப்பனார் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, கம்பிரசருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வடிகாலைத் திறந்து, தண்ணீர் முழுவதும் வந்து வெறும் காற்றுச் சத்தம் கேட்டதும் மூடினார்.

“இது என் வேலைங்க. பையன் மறந்துடுவான், நான் மறக்க மாட்டேன்” என்றார். “முப்பது வருசம் மரம் வெட்டியிருக்கேன். மங்குல பாலை விட்டுட்டு ஒருநாளாச்சும் வீட்டுக்கு வந்திருப்பேனா?”

நேயர்களே, இதைவிடத் தெளிவாக நான் என்ன சொல்லிவிட முடியும்? உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டறையில் வேலை செய்தால், இன்று இரவு அவன் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, இன்னைக்குத் தாங்கித் தண்ணியைத் திறந்துவிட்டியா?”